பன்னிரண்டு கேள்விக்குறி

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில். அங்கே ஆயிரத்து இருநூறு பேருக்கு அடையாள அட்டை அச்சடிக்க வேண்டியிருந்தது. எக்செல்லில் தமிழில் இருந்த பெயர்களை, எக்செல்லுக்குள்ளேயே எழுதி வைத்த மேக்ரோ என்ற குட்டி நிரல் டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றித் தந்தது. ஃபைலைத் திறந்தால் முழுக்கக் கேள்விக்குறி!

மேக்ரோவை எழுதியவர் சிஸ்டம்ஸ் மேனேஜர் தில்லைநாயகம். யாரும் தொடக்கூடாதென்று அதற்குப் பாஸ்வேர்டும் போட்டுப் பூட்டியிருந்தார்.

"என் மேக்ரோவில தப்பே வராது. நீ அடிச்சதுதான் தப்பு. மத்தியானத்துக்குள்ள அத்தனையும் திரும்ப அடி!" என்று டைப்பிஸ்ட் பூவாத்தாளிடம் கத்தினார்.

பூவாத்தாள் அசையவில்லை. "சரிங்க சார். எப்படி அடிச்சா சரின்னு ஒரே ஒரு பேரு அடிச்சுக் காட்டுங்க. உங்க பேரே போதும்."

ஆபீஸே எட்டிப் பார்த்தது. அவர் மீசையை நீவிக்கொண்டு, பட்டியலின் கடைசியில் தன் பெயரைத் தமிழில் தட்டி மேக்ரோவை ஓட்டினார். ஃபைலின் கடைசி வரியில், எழுத்துக்கு ஒன்று, கொம்பு, கால், புள்ளிக்குத் தனித்தனியாக ஒன்று என்று, பன்னிரண்டு கேள்விக்குறி வரிசையாக நின்றது.

"இதை நான் அடிக்கலீங்க சார்," என்றாள் பூவாத்தாள். "உங்க மேக்ரோவுக்குத் தமிழ் எழுதத் தெரியல. பூட்டைத் திறந்தா ரெண்டு வரியில சரி பண்ணிருவேன். இல்லேன்னா உங்க கார்டுலயும் இந்தப் பேருதான்."

தில்லைநாயகம் பாஸ்வேர்டைத் தட்டி மேக்ரோவைத் திறந்தார்.