தலையை விடாத அணில்

"பயப்படாதே! உன் தலையை நான் விடவே மாட்டேன்!" என்று கத்தினான் வேம்பன் என்ற அணில்.

குளத்தின் மேல் வளைந்திருந்த நாவல் கிளையில் அவன் தலைகீழாகத் தொங்கினான். முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு வெட்டுக்கிளியின் தலை. தலை மட்டும்தான் வெளியே. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கால் பாசியில் சிக்கிக் கிடந்தது.

"தலையை விடுடா! வயித்தைத் தூக்கு! மூச்சு முட்டுது!" என்றது வெட்டுக்கிளி.

"மூக்கு வெளியேதானே இருக்கு?"

"எனக்கு ஏதுடா மூக்கு? விலாவுல ஓட்டை ஓட்டையா இருக்கே, அது வழியாத்தான் மூச்சு!"

வேம்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிளையே ஆடியது.

"விலாவுலயா! அடேய், மூக்கு காத்தை இழுக்கும். ரத்தம் அதைச் சுமக்கும். இதயம் படபடன்னு அடிச்சு வால் நுனி வரைக்கும் அனுப்பும். உலகத்துக்கே அதான் வழி!"

"உனக்கு அதான் வழி! என் ரத்தம் காத்தைச் சுமக்காது. ஓட்டைக்குள்ள சின்னச் சின்னக் குழாய் இருக்கு, அதுலயே நேரா உடம்பெல்லாம் போயிடும். வயித்தைத் தூக்குடா, புண்ணியமாப் போகும்!"

தாமரை இலையில் உட்கார்ந்திருந்த தவளை வாயைத் திறந்தது. "அவன் சொல்றது நிஜம்தான் வேம்பா. நானே தண்ணிக்குள்ள தோலாலதான் காத்து வாங்குறேன்."

"நீயுமா அக்கா? விட்டா வாலால மூச்சு விடறவனும் வருவான் போல!"

"வயித்தைத் தூக்கு..." என்றது வெட்டுக்கிளி. அதோடு பேச்சு நின்றது. மீசை தொங்கிப்போனது.

வேம்பன் என்ன செய்தான்? தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிடித்த வேகத்தில் பின்னங்கால் வழுக்கியது. தொபுக்கடீர்!

தண்ணீர் எழும்பியது. பாசி அறுந்தது. வெட்டுக்கிளி பறந்துபோய்த் தாமரை இலையில் மல்லாந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு வயிறு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. எழுந்துவிட்டது! தவளையின் நாக்கு நீளுவதற்குள் ஒரே தாவலில் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

நனைந்த வாலோடு கரையேறிய வேம்பன் குதியோ குதி என்று குதித்தான். "பாத்தியா அக்கா! என்னாலதான் பிழைச்சான்!"

தவளை சிரித்த சிரிப்பில் இலையிலிருந்து உருண்டே விழுந்தது.

உதவப் போகிறவன் தன் உடம்பை வைத்து அடுத்தவன் மூச்சை அளக்கக் கூடாது. வயிற்றைத் தூக்கு என்று வெட்டுக்கிளி மூன்று தடவை கெஞ்சியும் வேம்பன் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.