நாலு விநாடி

வள்ளியூரில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஜெனோவாவுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தவசிமணிக்கு ஐம்பத்து நான்கு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். வயதைச் சொல்லி யாரும் கேலி செய்யுமுன், "பேரன் எடுக்கிற வயசுல எல்கேஜி சேந்திருக்கேன்" என்று தானே முந்திக்கொள்வார்.

ஒரு நாள் காலை பேச்சியம்மாள் ஒரு டிவிடியைக் கொண்டுவந்தாள். இதய அறுவைக்குப் போகும் முன் அவள் கணவர் மேசையில் கேமராவை வைத்து, அவளுக்கென்று பேசி, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து வைத்தது. அவர் திரும்பி வரவில்லை. பாதிவரை ஒழுங்காக ஓடிற்று. அப்புறம் வாய் திறக்கும் முன்பே சொல் வந்துவிட்டது.

"வேற யாரோ அவுகளுக்குப் பின்னால நின்னு பேசுத மாதிரி இருக்கு" என்றாள். நாளை மறுநாள் பதினாறாம் நாள். பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். அதற்குள் சரியாக வேண்டும்.

தவசிமணி குறையைக் கண்டுபிடித்துவிட்டார். பத்தாவது நிமிடத்தில், பேச்சு நின்ற ஓர் இடத்தில், நாலு விநாடி ஒலி பதியாமல் போயிருந்தது. படம் மட்டும் இருந்தது; அதனால் அதற்குப் பிறகு பேச்சு நாலு விநாடி முந்தி ஓடிற்று. வேறு இடத்திலிருந்து மின்விசிறிச் சத்தத்தை எடுத்து, ஒட்டுத் தெரியாமல் அந்த நாலு விநாடியை நிரப்பலாம். இல்லையென்றால் அந்த நாலு விநாடிப் படத்தையும் வெட்டிவிடலாம்.

எது சரி என்று ஜெனோவாவிடம் கேட்டார்.

அவள் அந்த இடத்தை ஒருமுறைக்கு இருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க அண்ணாச்சி. பழசை அழிச்சிராதீங்க. அந்த அம்மா பாக்கும்போது பக்கத்துல நீங்கதான் இருக்கணும்."

அவர் வெட்டினார். வெட்டிய இடம் தெரியவே இல்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பேச்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். உதடும் சொல்லும் ஒன்றாகவே போயின. பாதி தாண்டியதும் அவள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னாள். திரும்பவும் பார்த்தாள்.

"இங்கன அவுக தண்ணி குடிச்சாகள்லா. அது எங்க?"

தவசிமணி ஒலி விட்டுப்போன கதையை விளக்கினார். அவள் முழுவதும் கேட்டாள். குரல் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, குறை சொல்லவில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"அந்தத் தம்ளர நாந்தான் பக்கத்துல வச்சிட்டு வெளிய போனேன்."

ஜெனோவா அவளை மறுநாள் வரச் சொல்லி, வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

"அந்த இடத்துல அவரு ஒண்ணுமே பேசலையே, டீச்சர்" என்றார் தவசிமணி.

ஜெனோவா முதலில் அவர் வெட்டியதை ஓடவிட்டாள். "நான் வரலேன்னா, மோட்டாருக்கு எண்ணெய் விட மறந்திராத" என்றார் திரையிலிருந்தவர், அடுத்த ஊருக்குப் போகிறவர்போல.

பிறகு பழைய டிவிடியைப் போட்டாள். "நான் வரலேன்னா" என்று சொல்லி அவர் நிறுத்தினார். முந்திக்கொண்டு வரும் பேச்சு கேட்காதபடி ஜெனோவா ஒலியை அடைத்தாள். தம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்து, கீழே வைத்தார். தம்ளர் சரியாக உட்காரவில்லை; மறுபடி வைத்தார். அதன்பிறகுதான் அவர் உதடு மோட்டாரைச் சொல்ல அசைந்தது.

ஜெனோவா படத்தை நிறுத்தினாள்.

"பேச முடிஞ்சிருந்தா தண்ணி எதுக்கு, அண்ணாச்சி?"