நரிக்கு ஏற்ற தோட்டா

அன்று காலை பட்டியில் கூடியவர்கள் ஜமீன்தார் மார்த்தாண்டச் சேதுராயர், அவருடைய வேட்டைத் துணைவன் உக்கிரபாண்டி, ஜமீன் ஆடுகளைக் காக்கும் பூவாயி, ஊரார் சிலர். செத்துக் கிடந்த கிடாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முந்திய மாலை நரியைச் சுடுகிறேன் என்று ஜமீன்தார் யானை சுடும் துப்பாக்கியோடு வந்தார். நரி ஓடிவிட்டது, கிடாய் விழுந்தது. விடிந்ததும் ஜமீன்தாரின் பேச்சு மாறிற்று.

“நரி கடிச்ச கிடாய் இது! காவலுக்குத் துப்பில்லாத உனக்கு இனி இங்கே வேலையும் இல்ல, குடிசையும் இல்ல.”

பூவாயி கிடாயின் அருகே போய் நின்றாள்.

“போறதுக்கு முன்னாடி சொல்லு. அந்த நரிக்குச் சின்னத் தோட்டா போதுமா, யானைத் தோட்டா வேணுமா?” என்று ஜமீன்தார் ஏளனம் செய்தார். உக்கிரபாண்டி சிரித்தான்.

பூவாயி கிடாயைப் புரட்டிப் போட்டாள். ஒரு விலாவில் நுழைந்த துளை மறு விலாவைத் தேங்காய் அளவுக்குப் பிளந்திருந்தது.

“யானைத் தோட்டாவே போடுங்க எசமான். இந்தப் பக்கம் கடிச்சு அந்தப் பக்கம் வெளியே வந்திருக்கு ஒத்தைப் பல்லு. அப்பேர்ப்பட்ட நரி சின்னத் தோட்டாவுக்கா சாகும்?”

எல்லாருடைய கண்களும் ஜமீன்தார் தோளில் தொங்கிய துப்பாக்கியின் வாயில் போய் நின்றன. உக்கிரபாண்டியின் சிரிப்பு அடங்கியது.

“ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டட்டுமா எசமான்?” என்று பூவாயி கேட்டாள்.

ஜமீன்தார் துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு பட்டியை விட்டு வெளியே நடந்தார்.