கடன் வாங்கிய ஆள்

ஏலகிரி அடிவாரத்தில் சுடர்க்கொடி ஒரு சிறிய தியானக் கூடம் நடத்திவந்தார். அங்கே பயில வருபவர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். குழந்தைவேலுவும் அப்படித்தான். திருப்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு விஷயம் மனதில் விழுந்துவிட்டால் கேட்டுத் தெளியாமல் விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சந்தேகம்?" என்றார் சுடர்க்கொடி.

"வீட்டுக்கடன் விஷயம்மா. இங்க கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க."

கல்யாணமான நாளிலிருந்து குழந்தைவேலுவும் மனைவி பூங்கோதையும் வாடகை வீடுகளில்தான் இருந்தார்கள். இப்போது ஒரு வீடு பிடித்துப்போயிருந்தது. வங்கிக்குப் போகும் முன் தன் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். அதில் அடைபடாத பழைய கடன்கள் இரண்டு இருந்தன.

"ஒண்ணு ஓசூர்ல ஃப்ரிட்ஜ் வாங்கின கடன். நான் ஓசூர்ல இருந்ததே இல்ல. அதே பேர்ல வேற யாரோ. என் கடன் இல்லன்னு எழுதிப் போட்டேன், விசாரிச்சு நீக்கிட்டாங்க."

"நல்லது. இன்னொண்ணு?"

"கிரெடிட் கார்டு. ரொம்ப வருஷம் முன்னாடி திருப்பூர்ல வேலை போனப்போ கட்டாம விட்டது. போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. நம்பரை மாத்திட்டு ஊரை விட்டு வந்துட்டேன்."

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் சுடர்க்கொடி.

"வீடு காட்டின தரகர் சொல்றார், இதையும் அதே மாதிரி என்னுது இல்லன்னு எழுதிடுங்க, பழைய காகிதத்தை எவன் தேடப்போறான்னு. பொய்யாச்சேன்னு முதல்ல தோணுச்சு. அப்புறம் யோசிச்சேன். நேத்து இருந்த ஆள் இன்னைக்கு இல்லன்னு நீங்க சொல்லித் தரீங்க. நானும் கண்ணை மூடிப் பாத்திருக்கேன், உண்மைதான். அந்தத் திருப்பூர்க்காரன் யாருன்னே எனக்கு இப்ப தெரியல. அப்படின்னா அவன் கடன் எப்படி என் கடன் ஆகும்?"

அவர் வாதாடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"நல்ல கேள்வி," என்றார் சுடர்க்கொடி. "வீட்டுக்கடன் எத்தனை வருஷத்துக்கு?"

"பதினெட்டு."

"கடைசித் தவணையை யார் கட்டுவார்?"

"நான்தான்."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

குழந்தைவேலு விரலை மடக்கித் தன் வயதோடு பதினெட்டைக் கூட்டிப் பார்த்தார்.

"தெரியாத ஆளுக்காக வங்கியில கையெழுத்துப் போடப் போறீங்க," என்றார் சுடர்க்கொடி. பிறகு எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.

மறுநாள் குழந்தைவேலு கார்டு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டார். பேசிய பெண், பாதி கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்றாள்.

"பாதி கட்டினா அறிக்கையில என்னன்னு வரும்?"

"செட்டில்டுன்னு வரும் சார். முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு அர்த்தம்."

"முழுசும் கட்டினா?"

"குளோஸ்டு, பாக்கியில்லாம முடிஞ்சதுன்னு வரும். ஆனா கட்டாம விட்ட மாசங்கள் உடனே மறையாது சார். கொஞ்ச காலம் தெரியும்."

முழுவதையும் கட்டுவதென்று முடிவு செய்தார். முன்பணத்துக்கு வைத்திருந்ததில் பெரும்பகுதி அதில் போனது. வீட்டை விற்க இருந்தவர் அதுவரை காத்திருக்கவில்லை, வேறொருவருக்கு விற்றுவிட்டார். அன்று பூங்கோதை, "சமையல்கட்டு எவ்வளவு வெளிச்சமா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். அது அவரை வெகுநாள் உறுத்தியது.

பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் வந்தது. மறுபடி பணம் சேர்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு ஊருக்குச் சற்று வெளியே, முதல் வீட்டைவிடச் சின்னதாக ஒன்று அமைந்தது. வங்கியில் கடன் கிடைத்தது. வட்டி மட்டும் கால் சதவீதம் கூட.

அந்த வாரம் தியானக் கூடத்துக்கு வந்தபோது நடந்ததையெல்லாம் சுடர்க்கொடியிடம் சொன்னார்.

"இன்னும் ஒரு சந்தேகம் இருக்கும்மா."

"தெரியும்."

"மேனேஜர் அறிக்கையைப் பாத்துட்டு, திருப்பூர்ல இத்தனை மாசம் கட்டாம விட்டது நீங்கதானான்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். வாயில தானா வந்துடுச்சு. வெளியில வந்தப்புறம்தான் குழப்பம். அந்த ஆள் நான்தான்னா, நேத்து இருந்தவர் இன்னைக்கு இல்லன்னு நீங்க சொன்னது என்ன ஆச்சு?"

சுடர்க்கொடி பாயைச் சுருட்டியபடி கேட்டார்.

"மேனேஜர் கேட்ட அதே கேள்வியைத் திருப்பூர்ல இருந்த அந்த ஆள்கிட்ட கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பார்?"

குழந்தைவேலு யோசித்தார். பழைய நம்பரைத் தூக்கிப் போட்டது ஞாபகம் வந்தது.

"நான் இல்ல, வேற யாரோன்னு சொல்லியிருப்பார்."

"அப்போ ஆள் மாறிட்டார்," என்றார் சுடர்க்கொடி.