பேசத் தொடங்கிய சர்வர்

“நல்லா ஓடிட்டிருந்த சர்வரை நான்தான் கெடுத்துட்டேன் மேடம்,” என்றார் தாணுலிங்கம்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. அங்கே எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் அறையில் வேலை பார்த்தவர் அவர். ஃபிலிம் போய்க் கணினி வந்ததும் சர்வர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சர்வர் அறைக்குப் பொறுப்பான பெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயது. முதல் நாளே அவளிடம், “எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக்கொடுங்க,” என்று கேட்டுவிட்டார். அவளும் சரி என்றாள்.

“என்ன செஞ்சீங்க சார்?”

“ஸ்கேன் சர்வரோட உள் மென்பொருள், அந்த ஃபர்ம்வேருக்கு அப்டேட் போட்டேன். திரும்ப ஆன் பண்ணினதுமே ஒரு ரேம்ல, அந்த நினைவக அட்டையில, கோளாறுன்னு காட்டுது. நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லை.”

“குறை இல்லைன்னு யார் சொன்னது?”

“சர்வர்தான்.”

“என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லலை.”

பெனிட்டா தலையசைத்தாள்.

போன் அடித்தது. மூளை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் இர்ஷாத். மறுநாள் காலையில் அவருக்கு ஒரு ஆபரேஷன். ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும்.

“படம் நடுவுல நின்னுடாதே?” என்று கேட்டார் அவர்.

தாணுலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “மேடம், பழைய ஃபர்ம்வேரையே திரும்பப் போட்டுடவா?”

“போடுங்க.”

இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. பார்த்துச் சொல்வதாக டாக்டரிடம் சொல்லிப் போனை வைத்தார்.

மதியம், ஸ்கேன் ஓய்ந்த நேரத்தில், பழையதைப் போட்டார். எச்சரிக்கை மறைந்தது.

“சரியாயிடுச்சு மேடம்!”

“எது?”

தாணுலிங்கம் திரும்பி ஸ்கேன் சர்வரைப் பார்த்தார்.

ஓரமாக இருந்த இன்னொரு சர்வரைக் காட்டினாள் பெனிட்டா. சோதனைக்கென்று வைத்திருந்தது. அதற்குப் போன வாரமே புது ஃபர்ம்வேர் போட்டு ஒத்திகை பார்த்திருந்தார்கள். அது ஒரு புகாரும் சொல்லவில்லை.

“கோளாறுன்னு காட்டின அந்த ரேமைக் கழற்றி இதுல மாட்டுங்க.”

மாட்டினார். ஆன் செய்தார்.

அதே எச்சரிக்கை.

“அப்போ அப்டேட் இல்ல, ரேம்தானா?”

“அப்படியா?”

அவள் கேட்ட விதத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே அந்தச் சோதனை சர்வருக்குப் பழைய ஃபர்ம்வேரைப் போட்டார். எச்சரிக்கை போனது. புதியதைப் போட்டார். வந்தது. அந்த ரேமைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். சத்தமே இல்லை. சாப்பிடப் போகவும் மறந்திருந்தார்.

“ரேம் அதேதான் மேடம். பழையதுல வாயை மூடிக்கிட்டு இருக்கு. புதுசுல மட்டும் சொல்லுது. அதெப்படி?”

“ரேம்ல சின்னப் பிழை வந்தா சர்வர் தானே திருத்திக்கும் சார். பழைய ஃபர்ம்வேர் திருத்திட்டுச் சும்மா இருக்கும். புதுசு, திருத்தினேன்னு சொல்லும்.”

“திருத்த முடியாத அளவுக்கு வந்தா?”

“நின்னுடும்.”

தாணுலிங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆபரேஷன் நடுவே இருண்டுபோகும் ஒரு திரை அவர் கண்முன் வந்து நின்றது.

“இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”

“பழைய ஃபர்ம்வேரைத்தான் கேக்கணும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் ஸ்கேன் சர்வரில் நல்ல ரேம் ஒன்றை மாட்டினார். புது ஃபர்ம்வேரைத் தன் கையாலேயே மறுபடி போட்டார். எச்சரிக்கை ஏதும் வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். வரவில்லை.

மறுபடி போன்.

“என்னாச்சு?” என்றார் டாக்டர்.

“ஒரு ரேம் கெட்டிருந்தது டாக்டர். மாத்தியாச்சு. காலையில தைரியமா ஆரம்பிங்க.”

“நல்லது. மத்த சர்வரெல்லாம் நல்லா இருக்குல்ல?”

நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மற்ற சர்வர்கள் வரிசையாக நின்றன. எதிலும் ஒரு எச்சரிக்கையும் இல்லை. எதற்கும் இன்னும் அப்டேட் போடவில்லை.

“தெரியலை டாக்டர்,” என்றார் தாணுலிங்கம். “அதுங்களை இனிமேதான் கேக்கணும்.”