ஒரு தலை, மூன்று வேண்டுதல்

தில்லைக்கண்ணு தம் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். குருவே அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். தோளில் புரளும் முடி அவருக்கு. அந்த முடியால்தான் இப்போது தூக்கம் போயிற்று.

மகள் பூங்கோதைக்குப் போன மாதம் கடும் காய்ச்சல் கண்டது. பேச்சு நின்றுவிட்டது. குழந்தை பிழைத்தால் முடியிறக்குவதாக வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். காய்ச்சல் தணியவில்லை. நாகூர் ஆண்டவருக்கும் வேண்டிக்கொண்டார். அப்புறம் வேளாங்கண்ணி மாதாவுக்கும். மூன்று இடத்திலும் முடியிறக்கும் வழக்கம் உண்டு. தலை ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குருவின் மடத்து வாசலில் மூன்று ஊருக்கும் பஸ் நிற்கும். எதில் ஏறுவது என்றுதான் தெரியவில்லை. முதலில் போகிற இடத்துக்கு முழு முடி கிடைக்கும். அடுத்த இரண்டு இடத்துக்கும் முளைத்தும் முளைக்காததுமாக ஏதோ கொஞ்சம். அவர்கள் மனம் கோணி, காய்ச்சலைத் திருப்பி அனுப்பிவிட்டால்?

உடன் படிக்கும் கலியமூர்த்தி யோசனை சொன்னான்.

"முடி ஒருத்தருக்கு, தாடி ஒருத்தருக்கு, மீசை ஒருத்தருக்கு. தீர்ந்தது அண்ணே."

"அதையும் யோசித்துப் பார்த்தேன் தம்பி. மீசையை யாருக்குக் கொடுப்பது என்பதில் வந்து நிற்கிறது."

கலியமூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தான்.

குரு முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லைக்கண்ணு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"யாருக்கு முதலில், சாமி?"

குரு அடுத்த கீரைத்தண்டை எடுத்தார்.

அப்போது பூங்கோதை வந்தாள். கால்கள் இன்னும் குச்சிபோலத்தான் இருந்தன. கையில் ஒரு கடலை மிட்டாய். வாசலில் கலியமூர்த்தி கை நீட்டினான். பாதியை உடைத்து அவனிடம் கொடுத்தாள். உள்ளே வந்து, மிச்சத்தைப் பாவாடையில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்து, குருவுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பிறகு மீதியைத் தானே தின்றாள். தின்று முடிக்கும்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளை வழித்து அவர் கையில் வைத்தாள்.

தில்லைக்கண்ணு அதை வாயில் போட்டுக்கொண்டார். விரலில் ஒட்டிய வெல்லத்தையும் நக்கினார். குழந்தை வெளியே ஓடிப்போனாள்.

"உங்களுக்குக் கடைசியாகத்தான் கொடுத்தாள்" என்றார் குரு.

"ஆமாம் சாமி."

"அதுவும் தூள்."

"தூளாக இருந்தால் என்ன சாமி? எழுந்து நடந்து வந்து கொடுக்கிறாளே."

குரு ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளி வைத்தார்.

"அப்படியென்றால் யாருக்கு முதலில்..." என்று தொடங்கிய தில்லைக்கண்ணு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள்" என்றார் குரு.