தப்பே செய்யாத கருவி

எங்கள் ஊர் வில்வித்தைச் சங்கத்துக்குத் தலைவரானதும் வேதநாயகம் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? மைதானக் கடைசியில், இலக்குப் பலகைக்குப் பின்னால், தன் படம் போட்ட ஆளுயர பேனரை நிறுத்தினார். அடுத்து, தூரத்தைத் தானே அளந்து குறி காட்டும் டிஜிட்டல் கருவியைத் தன் வில்லில் மாட்டிக்கொண்டார்.

விழா நாளில் கருவியின் பொத்தானை அமுக்கினார். கை ஆடியது. அம்பு பலகைக்கு மேலே பறந்து போனது.

பழி யார் மேல்? பலகை நடும் பவளக்கொடி மேல்!

"பலகைய நகத்தி வெச்சிட்டியா? கருவியும் தப்பாது, நானும் தப்பமாட்டேன். எங்க ரெண்டு பேர் மேலயும் குத்தம் சொல்லாம காரணம் சொல்லு. இல்லேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத!"

இது என்ன நியாயம்? சங்கத்தார் அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டையா இருந்தது?

பவளக்கொடி விறுவிறுவென்று நடந்து போய்ப் பேனரைக் காட்டினாள். தலைவரின் மீசையில் அம்பு குத்தி நின்றது.

"யார் மேலயும் குத்தமில்லீங்கய்யா. கருவி பலகைய விட்டுட்டு உங்க பேனரை அளந்திருக்கு. அளந்த எடத்துக்கே அம்பும் போயிருக்கு. இப்ப நீங்களே சொல்லுங்க, நகத்த வேண்டியது பலகையவா, உங்களையா?"